அறுபது வயதில் ஆர்கெஸ்ட்ரா: திருச்சிக் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கே சொல்லும் மெல்லிசைக் குழுவின் கதை திருச்சியில் 2022 நடுவில் தொடங்கி 2024 இறுதி வரை நடந்தது. யாருடைய பெயரும் இங்கே இல்லை. வாத்தியத்தையும் வயதையும் வைத்தே குறிப்பிடுகிறேன். கீபோர்டு சொல்லிக்கொடுப்பது என் தொழில். குழுவில் நான் இல்லை. கட்டை (பாட்டின் அடிப்படைச் சுருதி) மாற்றி நொட்டேஷன் எழுதித் தரக் கூப்பிட்டார்கள், அப்படியே பெரும்பாலான ஒத்திகைகளிலும் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். எழுதிக்கொள்ளலாம் என்று அவர்கள் சொன்ன பிறகே குறிப்பெடுத்தேன்.

தொடங்கியவர் கிட்டாரிஸ்ட், வயது 60. திருவெறும்பூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கல்லூரிக்குள் நுழைந்தபோது இளையராஜா சினிமாவுக்கு வந்து நாலைந்து வருடம்தான் ஆகியிருந்தது. கல்லூரிக்குக் கல்லூரி மெல்லிசைக் குழு இருந்த காலம் அது. பாட்டு வானொலியில் வந்த வாரமே பிஜிஎம்மோடு மேடையில் வாசித்துக் காட்டினால்தான் மரியாதை. அதன்பிறகு வேலை, கல்யாணம், பிள்ளைகள் படிப்பு என்று கிட்டார் பரணுக்குப் போனது. ஓய்வுப் பணம் வந்ததும் அவர் முதலில் வாங்கியது ஓர் எலக்ட்ரிக் கிட்டாரும் ஆம்ப்ளிஃபயரும். வீட்டம்மாவுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. மனுஷன் வீட்டில் சும்மா உட்கார்ந்து நச்சரிக்காமல் இருந்தால் சரி என்றார்.

ஆள் தேடிய விதம்

திருச்சியில் வாத்தியக்காரர்களைத் தேடுகிறவர்கள் மூன்று இடங்களில் தேடுவார்கள்: சர்ச், கோயில் திருவிழாவுக்குப் போகும் ஆர்கெஸ்ட்ராக்கள், கரோக்கே கூட்டங்கள். இவரும் அப்படித்தான் தேடினார். சந்தித்த ஒவ்வொருவரிடமும் கேட்டது ஒரே கேள்வி: "உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பத்துப் பாட்டு எது?"

பட்டியல்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அதை அவர் பொருத்தம் என்று எடுத்துக்கொண்டார். தமிழ்நாட்டில் ஐம்பதைத் தாண்டியவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் இதே பட்டியல்தான் வரும். சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்று கேட்டாலும் வரும். ஒருவர் மற்றவரோடு சேர்ந்து வாசிப்பாரா என்பதற்கு அதில் ஒரு தடயமும் கிடையாது.

இரண்டு மாதத்தில் ஆறு பேர் சேர்ந்தார்கள். பாஸ் கிட்டார் வாசித்தவர் 63 வயது, பொன்மலைக்காரர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சர்ச்சில் பல வருடம் வாசித்த கை. கீபோர்டுக்கு 52 வயதுத் தனியார் வங்கி ஊழியர். பாட ஒரு பள்ளி ஆசிரியை, 56 வயது. சின்ன வயதில் வர்ணம் வரை கர்நாடக சங்கீதம் படித்தவர். ஆண் குரலுக்குக் கிட்டாரிஸ்ட்டின் கல்லூரி நண்பர். கரோக்கே கூட்டங்களில் பெயர் வாங்கியவர். தபேலாவும் ட்ரம்ஸும் வாசித்த 48 வயதுக்காரருக்கு மட்டும் இதுவே பிழைப்பு.

ஒத்திகையில் கண்டவை

ஒத்திகை கே.கே. நகரில் கிட்டாரிஸ்ட் வீட்டு மாடி அறையில், சனிக்கிழமை சாயங்காலம். முதல் தகராறு வெளியிலிருந்து வந்தது. ட்ரம் செட்டின் பக்கத்தில் நின்றால் சத்தம் நூறு டெசிபெல்லைத் தொடும். குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் பகலில் வைத்திருக்கும் அளவு 55, இரவில் 45. ஜன்னலில் மெத்தையைச் சாய்த்து வைத்தார்கள், சத்தம் அடங்கவில்லை. எதிர்வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன். அவனுடைய அம்மா கோபமாக வரவில்லை. தட்டில் பழம் வைத்துக்கொண்டு வந்து, "அண்ணே, மார்ச் வரைக்கும் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார். அதற்கு மேல் ட்ரம்ஸை அங்கே வைத்திருக்க முடியுமா? அடுத்த வாரமே ட்ரம்ஸ் போய், தட்டினால் ட்ரம்ஸ் ஒலி தரும் மின்னணுப் பேடான ஆக்டோபேட் வந்தது.

உண்மையான சிக்கல் கட்டையில் இருந்தது. வயதானால் பெண் குரல் கொஞ்சம் இறங்கும். முன்பு எட்டிய மேல் ஸ்தாயி எட்டாது. ஆசிரியை இளமையில் ஐந்தரைக் கட்டையில் பாடியவர். இப்போது நாலரைதான் சௌகரியம், அதாவது இரண்டு அரைச்சுரம் கீழே. தனிப்பாட்டுக்கு இதில் தொல்லை இல்லை. டூயட்டில் அவருக்காக இறக்கினால் ஆண் குரல் கீழே போய்ச் சரணத்தின் முதல் வரியில் மூச்சுக்காற்றாகக் கரைந்தது. நண்பருக்கு அது கௌரவப் பிரச்சினை. "ஒரிஜினல் ஸ்கேலை விட்டா அந்தப் பாட்டே இல்ல" என்பார். ஆசிரியை பதில் பேசமாட்டார். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

கட்டை மாறுவது பாடகர்களோடு நிற்கிற விஷயமும் இல்லை. தபேலாவின் வலந்தலையை இரண்டு அரைச்சுரம் இறக்குவது சிரமம். வேறு தபேலா எடுக்க வேண்டும். கிட்டாரில் விரல் வைக்காத திறந்த கம்பியில் விழும் இனிமை போய்விடும். கீபோர்டில் மட்டும் கட்டையை மொத்தமாக மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தினால் முடிந்தது. அந்தப் பொத்தான்தான் ஆபத்து. ஒருநாள் டூயட்டுக்காக மைனஸ் இரண்டு வைத்த கீபோர்டுக்காரர் அடுத்த பாட்டுக்கு அதைத் திருப்பி வைக்கவில்லை. ஆரம்ப இசையைக் கீபோர்டு தனியாகத்தான் வாசிக்க வேண்டும், அதனால் யாருக்கும் தெரியவில்லை. பாஸ் நுழைந்ததும் அறையே கோணலானது. எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். கீபோர்டுக்காரர் நிமிரவே இல்லை, தாளைப் பார்த்தபடி தன் பகுதியை முடித்துவிட்டுத்தான், "என்னாச்சு, ஏன் நிப்பாட்டிட்டீங்க?" என்று கேட்டார்.

பொத்தானை மறப்பது எல்லோருக்கும் நடக்கும். மற்ற எல்லோரும் நின்றுபோனது அவர் காதில் விழவில்லை என்பதைத்தான் நான் குறித்துக்கொண்டேன்.

ஆண் பாடகரிடமும் இதே சங்கதி வேறு விதமாக இருந்தது. நல்ல குரல், சுருதி சுத்தம். ஆனால் கரோக்கே ட்ராக் யாருக்காகவும் காத்திருக்காது. திரையில் எழுத்தின் நிறம் மாறினால் பாட வேண்டும், அவ்வளவுதான். அதிலேயே பழகியவர் பக்கத்தில் வாசிக்கிறவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இடையிசையில் கிட்டார் அரை தாளம் தடுமாறினாலும் இவர் மனக்கணக்கில் சரணத்தை எடுத்துவிடுவார். நான்கு பேர் ஓடிப்போய் அவரைப் பிடிக்க வேண்டும். கணக்குப்படி அவர் செய்தது சரி. அதனால்தான் யாராலும் அவருக்கு எதையும் எடுத்துச் சொல்ல முடியவில்லை.

தபேலாக்காரர் வந்தால் குழு நிமிர்ந்து உட்காரும். பங்குனி, சித்திரை, வைகாசியில் ஊர்த் திருவிழாக்கள், முகூர்த்த நாட்களில் வரவேற்புகள் என்று அவர் அலைகிறவர். சனிக்கிழமை சாயங்காலம் இங்கே வந்தால் அங்கே ஒரு கச்சேரிப் பணம் போகும். முதல் சில மாதம் நட்புக்காக வந்தார். அப்புறம் வருவது குறைந்தது. காரணம் யாரும் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை.

குழு உடைந்தது

2023 ஜனவரியில் கீபோர்டுக்காரர் தையில் ஒரு திருமண வரவேற்புக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டு வந்து சொன்னார். அவருக்கு அது இயல்பான அடுத்த படி. மகளின் கல்லூரிக் கட்டணம் இருந்தது. மேடை வருமானத்தை நம்பித்தான் சேர்ந்திருந்தார். ஆசிரியைக்கு வரவேற்பு மேடை பிடிக்காது, சாப்பாட்டுப் பந்திச் சத்தத்துக்கு நடுவில் பாட வரமாட்டேன் என்றார். பாஸ்காரருக்கு அந்த ஞாயிறு சர்ச். கிட்டாரிஸ்ட்டுக்குக் கல்லூரி நாட்களைப் போல ஒரு நல்ல மேடை வேண்டும், ஆனால் நாற்பது பாட்டை நாலு மணி நேரம் நின்று வாசிக்க இடுப்பு இடம் தராது. ஆண் பாடகர் மேடை என்றால் எங்கேயும் வருவார்.

ஆறு பேருக்கும் பிடித்த பாட்டுகள் ஒன்றாக இருந்தன, எதற்காக வாசிக்கிறோம் என்பதில் மட்டும் ஆறு பேரும் ஆறு திசை. அதைச் சேரும்போதே யாரும் யாரையும் கேட்டிருக்கவில்லை.

பேச்சு தடித்தது. "ரிடையர் ஆனவங்க பொழுதுபோக்குக்கு என் சனிக்கிழமை கிடைச்சுதா?" என்று கீபோர்டுக்காரர் கேட்டது இன்றும் அங்கே பேசப்படுகிறது. அவரும் ஆண் பாடகரும் விலகி, ட்ராக் வைத்துப் பாடும் நிகழ்ச்சிகளுக்குப் போகத் தொடங்கினார்கள். அது நன்றாகவே போகிறது என்று கேள்வி. நாற்பது வருட நண்பர்கள் இருவரும் அதன்பிறகு பேசிக்கொள்ளவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஏப்ரல் வரை ஒத்திகை இல்லை. பிறகு கிட்டாரிஸ்ட், பாஸ்காரர், ஆசிரியை மூவர் மட்டும் உட்கார்ந்து பேசினார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

முதல் முடிவு, புது ஆளைப் பார்ப்பதற்கு முன் தங்கள் நிலையை எழுதி வைத்துக்கொள்வது. மாதம் இரண்டு ஞாயிறு, சர்ச் முடிந்து 11 மணியிலிருந்து 1 மணி வரை. திருமணக் கச்சேரி கிடையாது. வருடத்துக்கு நாலைந்து நிகழ்ச்சி, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரத்துக்குள். டிக்கெட் இல்லை. இந்தக் கடைசி விஷயத்தில் வேறொரு சௌகரியமும் இருந்தது. பணம் கொடுக்காத ரசிகர்களுக்கு அமெச்சூர் சங்கங்கள் இசைப்பதற்கு 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு விலக்கு தருகிறது. சினிமாப் பாட்டு வாசிக்கிற சின்னக் குழுவுக்கு உரிமத் தொல்லை இல்லாமல் போகும்.

இரண்டாவது, தபேலாக்காரருக்குப் பணம். இதில் அரை நாள் ஓடியது. ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர்கள் என்ன, சும்மாவா என்ற கேள்வி வந்தது. பாஸ்காரர்தான் முடித்து வைத்தார்: "நமக்கு பென்ஷன் வருது. அவருக்கு இதுதான் பென்ஷன்." ஒத்திகைக்கு ஒரு தொகை, நிகழ்ச்சிக்கு ஒரு தொகை என்று பேசி மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். திருவிழா மாதங்களில் அவர் வராவிட்டால் பேடில் பதிந்த தாளத்தை வைத்துச் சமாளிப்பது என்றும் ஏற்பாடு. குழு நிலைத்ததற்கு மற்ற எதையும்விட இந்த முடிவுதான் காரணம் என்பது என் எண்ணம். அவர் வருகை ஒழுங்கானதும் மற்றவர்களின் தாளமும் ஒழுங்கானது.

மூன்றாவது, பாட்டைத் தேர்ந்தெடுக்கும் முறை. இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகள் பலவற்றுக்கு உயிரே இடையிசையில் வரும் வயலின் கூட்டம்தான். அதை ஒற்றைக் கீபோர்டில் ஸ்டிரிங்ஸ் வைத்து வாசித்தால் எலும்புக்கூடு மாதிரி நிற்கும். அவற்றை மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒதுக்கினார்கள். நாலு வாத்தியத்திலும் மெட்டு நிற்கும் பாட்டுகளாக இருபது எடுத்தார்கள். விஸ்வநாதன்-ராமமூர்த்தி காலத்துப் பாட்டுகள் நிறைய உள்ளே வந்தது இப்படித்தான். டூயட் அறவே இல்லை. எல்லாமே ஆசிரியையின் நாலரைக் கட்டையையோ கிட்டாரிஸ்ட்டின் குரலையோ ஒட்டியவை.

நாலாவது, புதுக் கீபோர்டு. இந்த முறை பட்டியல் கேட்கவில்லை. வருகிறவர் மூன்று பாட்டு வாசிக்க வேண்டும். ஒன்றில் கடைசி நேரத்தில் கட்டையை மாற்றச் சொல்வது. இன்னொன்றில் பாடகி வேண்டுமென்றே ஒரு வரியைத் தாமதமாக எடுப்பது. இரண்டாவது யோசனை என்னுடையது. நான்கு பேர் வந்தார்கள். மூன்று பேர் நன்றாக வாசித்தார்கள், ஆனால் தாமதமான இடத்தில் தங்கள் பகுதியை முடித்துக்கொண்டு போனார்கள். நாலாவதாக வந்தது 29 வயதுச் செவிலியர். பொன்மலையில் பாஸ்காரருக்குத் தெரிந்த குடும்பம், சர்ச்சில் பாடகர் குழுவுக்கு வாசிப்பவர். ஆசிரியை தாமதித்ததும் அதே கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டை) இன்னொரு சுற்று மெதுவாகப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். இருபது பாட்டில் பாதியை அவர் கேட்டதே இல்லை. "நொட்டேஷன் குடுங்க டீச்சர், ரெண்டு வாரத்துல வந்துடும்" என்றார், வந்தது.

முப்பது வயது வித்தியாசம் ஒரு தடையாகும் என்று கிட்டாரிஸ்ட் பயந்தார். தடையானது வயதல்ல, அந்தப் பெண்ணின் மருத்துவமனை ஷிப்ட். இரவுப் பணி முடிந்து வரும் ஞாயிறுகளில் ஒத்திகையை ஒரு மணி நேரமாகக் குறைத்தார்கள்.

காதும் விரலும்

2023 ஆகஸ்டில் பாஸ்காரர் காது கேட்கும் கருவி மாட்டிக்கொண்டு வந்தார். வயதில் வரும் காது மந்தம் மேல் சத்தங்களைத்தான் முதலில் தின்னும். பாஸ் சுரங்கள் அவருக்கு நன்றாகவே கேட்டன. தாளத்துக்கு அடையாளமான ஹை-ஹாட் (ட்ரம்ஸின் ஜோடித் தட்டு) சத்தம்தான் கேட்கவில்லை. சில மாதங்களாக அவர் ஒரு நூலிழை பின்னால் வாசித்ததற்குக் காரணம் அப்போதுதான் தெரிந்தது. விரல் தளர்ந்துவிட்டது என்றுதான் எல்லோரும், அவர் உட்பட, நினைத்திருந்தார்கள்.

கருவி வந்ததும் புதுத் தொல்லை. கீபோர்டில் புல்லாங்குழல் ஒலியை நீட்டிப் பிடித்தால் அவர் காதுக்குள் கீச்சென்று இன்னொரு சுரம் சேர்ந்து பாடியது. இந்தக் கருவிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை; நீண்ட சுரத்தைத் தன் சொந்த விசில் என்று நினைத்து அடக்கப் பார்க்கும். செவித்திறன் நிபுணரிடம் கீபோர்டையே தூக்கிக்கொண்டு போய் வாசித்துக் காட்டி, இசைக்கென்று தனி அமைப்பு வைத்துக்கொண்டு வந்தார்கள். பேடின் சிறு ஸ்பீக்கரை அவர் இருக்கைக்குக் கீழே வைத்தார்கள். அதன்பிறகு அந்தப் பின்தங்கல் இல்லை.

கிட்டாரிஸ்ட்டுக்குச் சர்க்கரை உண்டு. இடது மோதிர விரல் மடக்கினால் சிக்கிக்கொண்டு டக்கென்று நிமிரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும் சங்கடம் அது. மருத்துவர் ஊசி போட்டார், ஓய்வு கொடுக்கச் சொன்னார். கம்பியை மெல்லியதாக மாற்றினார்; ஒரே விரலைப் படுக்க வைத்துக் கம்பிகளையெல்லாம் அழுத்தும் பார் கார்டுகளை விட்டார். நாலரைக் கட்டைக்கு இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு ஈ கார்டு பிடித்தால் போதும், திறந்த கம்பியின் ஒலியும் திரும்பக் கிடைத்தது. முதல் குழுவில் இதை யாராவது சொல்லியிருந்தால், கேப்போ பழகுகிற பிள்ளைகளுக்கு என்று சண்டைக்கு வந்திருப்பார்.

முதல் நிகழ்ச்சி

2024 பொங்கலுக்கு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் திறந்தவெளியில். மைக் செட் செலவு குடியிருப்போர் சங்கத்துடையது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் ஏழுக்கே தொடங்கினார்கள். ஒவ்வொரு தாளின் தலையிலும் டிரான்ஸ்போஸ் எண் சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தது.

நான்காவது பாட்டில் பனி இறங்கியது. தபேலாத் தோல் ஈரம் குடித்துச் சுருதி கீழே போனது. பாட்டுக்குப் பாட்டு தபேலாக்காரர் சுத்தியலை எடுத்துத் தட்ட வேண்டியிருந்தது, அந்த இடைவெளியில் ஆசிரியை அடுத்த பாட்டின் ராகத்தைப் பற்றி வகுப்பெடுக்கிற மாதிரி இரண்டு வார்த்தை பேசினார். கூட்டம் அதையும் கேட்டது. ஆறாவது பாட்டில் அவர் அனுபல்லவியை மறந்து பல்லவிக்கே திரும்பிவிட்டார். கீபோர்டும் பாஸும் அவரோடேயே திரும்பின. கீழே உட்கார்ந்திருந்தவர்களில் கவனித்தவர் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு

2024இல் ஒரு முதியோர் இல்லத்திலும் ஆசிரியையின் பணி நிறைவு விழாவிலும் இன்னும் சில இடங்களிலும் வாசித்தார்கள். ஒரு கல்யாண வீடு நல்ல தொகை சொல்லிக் கேட்டது. எழுதி வைத்த தாளைப் பார்த்து வேண்டாம் என்றார்கள், தபேலாக்காரருக்கு மட்டும் அதில் வருத்தம். அக்டோபரில் பாஸ்காரர் மகனோடு இருக்கச் சென்னை போய்விட்டார். செவிலியர் இடது கையில் பாஸ் பகுதியையும் சேர்த்து வாசிக்கிறார். பாதிப் பாட்டுகளுக்கு அது போதவில்லை, அவற்றை எடுத்து வைத்துவிட்டார்கள்.

மறுபடி செய்தால் மாற்றுபவை

அவர்களிடம் கேட்டபோது மூவருமே முதலில் சொன்னது நேரமும் பணமும்தான். எந்தக் கிழமை, எத்தனை மணி, காசு உண்டா இல்லையா என்பதை வாத்தியத்தைத் தொடுவதற்கு முன்பே பேசியிருக்க வேண்டும் என்கிறார்கள். கிட்டாரிஸ்ட் இன்னொன்றும் சேர்த்தார்: ஆறு நாற்காலியையும் ஒரே மூச்சில் நிரப்பியிருக்கக் கூடாது, மூவராக ஆரம்பித்து, இல்லாத வாத்தியத்துக்கு ஏற்ற பாட்டை வாசித்துக்கொண்டே ஆள் பார்த்திருக்கலாம்.

ஐம்பதைத் தாண்டியவர்கள் சேரும்போதே காதுப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்பது என் கருத்து. பாஸ்காரர் சில மாதங்கள் தன் விரல்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். ஆசிரியைக்கு இதில் உடன்பாடு இல்லை. முதல் சந்திப்பிலேயே ஆஸ்பத்திரிச் சீட்டு கேட்டால் யார் வருவார்கள் என்கிறார். கட்டையைப் பொறுத்தவரை, பாடகரின் இன்றைய குரலைக் கேட்டுவிட்டுத்தான் பாட்டுப் பட்டியல் போட வேண்டும் என்பதில் இப்போது யாருக்கும் மறுப்பில்லை.

தபேலாக்காரரிடம் தனியாகக் கேட்டேன். தொகையை முதல் குழுவிலேயே பேசியிருந்தால் கிளம்பிப் போன இருவரும்கூட இருந்திருப்பார்களா என்றேன். "அவங்க போயிருப்பாங்க சார்," என்றார். "ஆனா சண்டை போடாம போயிருப்பாங்க."